விருப்பப் பட்டியலை யார் எழுதுவது?

பிளஸ் டூ முடிவு வந்த அன்று ஒரு பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்று ஊரே கேட்கிறது. அதற்குப் பிறகு வருகிற இரண்டு மூன்று மாதங்களில் அந்தப் பிள்ளை எந்தச் சான்றிதழுக்காக எந்த அலுவலகத்தில் நின்றது, கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை எந்தக் கல்லூரிக்கு மேலே எழுதியது என்று கேட்பார் அநேகமாக இல்லை. பட்டதாரிகள் இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்விக்கு அவசியமும் இல்லை. அங்கே அண்ணனோ சித்தியோ முன்பே அந்த வழியில் நடந்திருப்பார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு மதிப்பெண் கையில் இருக்கும், வழி தெரியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியையாக இருக்கிற நான் ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்க்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் தவறான இடத்தில் போய்ச் சேர்வதற்கு, நான் பார்த்த வரையில், தேர்வறையில் நடந்ததைவிடத் தேர்வுக்குப் பின் நடந்தவைதான் அதிகம் காரணமாகின்றன.

வழி பத்தாம் வகுப்பு முடிந்த உடனேயே பிரியத் தொடங்கிவிடுகிறது. கணிதம் இல்லாத பாடப்பிரிவை எடுத்த பிள்ளைக்குப் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் பதினாறு வயதிலேயே மூடிக்கொள்கின்றன. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு மருத்துவமும் கால்நடை மருத்துவமும் நேரடியாகக் கிடைக்காது. வணிகவியல் எடுத்த பிள்ளை பட்டயக் கணக்கர் தேர்வின் அடிப்படைத் தாளை எழுதலாம், டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இதைச் சேர்க்கை நாளன்று யாரும் சொல்வதில்லை. எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது, தோழி எதில் சேர்ந்தாள் என்பதை வைத்தே முடிவு எடுக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் பெற்றோரை ஒரு முறை அழைத்து இவ்வளவையும் பேசினால், இரண்டு ஆண்டுகள் கழித்து வருகிற பாதிக் குழப்பம் வராது.

தேர்வுக்குத் தயாராவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒரு கணக்குதான். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கட்ஆஃப், அதாவது தரவரிசையை முடிவு செய்கிற மதிப்பெண், ஆகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 ஆகச் சுருக்கப்பட்டு, மொத்தம் 200. அதாவது கணிதத்தில் இழக்கிற ஒரு மதிப்பெண் கட்ஆஃபில் முழுதாக ஒன்று போகிறது. இயற்பியலில் இழக்கிற ஒன்று அரைதான் போகிறது. மற்றப் பாடங்களைக் கைவிடு என்பது இதன் பொருள் அல்ல. மாலையில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும்போது எதை எடுப்பது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு விடை சொல்கிறது. கட்ஆஃப் சமமாக இருக்கிறவர்களை வரிசைப்படுத்தும்போதும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், அடுத்து இயற்பியலை. எல்லாம் சமமானால் பிறந்த தேதி, அதுவும் சமமானால் கணினி தருகிற ரேண்டம் எண்.

கணிதத் தாளை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு, மூன்று மதிப்பெண் வினாக்கள் பத்தில் ஏழு. இவ்விரு பகுதிகளிலும் கடைசி வினாவான 30ஆம், 40ஆம் கேள்விகள் கட்டாய வினாக்கள். பிறகு ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. எங்கள் பிள்ளைகளில் பலர் ஐந்து மதிப்பெண் கணக்குகளை மனப்பாடமாகப் போட்டுவிடுகிறார்கள். மதிப்பெண் ஒழுகுவது கட்டாய வினாவிலும், புத்தகத்தின் உள்ளிருந்து வருகிற ஒரு மதிப்பெண் வினாக்களிலும்தான். விடைக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருந்தும், அவசரத்தில் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று ஒவ்வொருவரும் தாங்களே ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறேன். ‘கணக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, ‘எனக்கு வெக்டர் கட்டாய வினா மட்டும் வரவில்லை’ என்று சொல்லத் தொடங்குகிற இடம் அது. அதற்குப் பின் சொல்லிக் கொடுப்பது எளிது.

முடிவு வந்த பிறகு எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் மிகவும் குறைந்திருந்தால், விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, தேவை என்றால் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இதற்குத் தரப்படுகிற நாட்கள் மிகச் சில. பணம் கட்டத் தயங்கி அந்த நாட்களைத் தவறவிடுகிற வீடுகள் உண்டு. நகலை ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து திருத்திப் பார்த்து, கேட்கலாமா வேண்டாமா என்று சொன்னால் அந்தத் தயக்கம் தீரும்.

இனி சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது, வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுதான் செல்லும், வீட்டில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்கிற இந்த மூன்று வரிகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால்கூட நல்லது என்று நான் நினைப்பதுண்டு. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. மே மாதக் கடைசியில் தாலுகா முழுவதும் ஒரே நேரத்தில் மனு போடுவதால் ஒவ்வொரு படியிலும் தேங்குகிறது. நவம்பரிலேயே முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனு போட்டவருக்கு இந்தத் தவிப்பு இல்லை. இருப்பிடச் சான்றிதழுக்கும் பலர் அலைகிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் இடங்களை ஒதுக்குகிற கலந்தாய்வில் அது தேவையே இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல் உள்ளிட்ட பிற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பொறியியல் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத கதவாக இருந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆறாம் வகுப்பில் ஓர் ஆண்டு ஆங்கில வழிப் பள்ளியில் போட்டுவிட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வந்த குடும்பத்துக்கு, அந்த ஓர் ஆண்டு பிளஸ் டூ முடிவில் வந்து வழிமறிக்கிறது. பிள்ளை அப்போது பத்து பதினொரு வயதில் இருந்தது. இந்த விதியை ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடமே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம், கைபேசி எண். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது தருகிற எண்ணுக்குத்தான் ஓடிபி முதல் ஒதுக்கீட்டு ஆணைச் செய்தி வரை எல்லாம் வருகின்றன. பெங்களூருவில் கட்டட வேலை செய்கிற அப்பாவின் எண்ணையோ, ரீசார்ஜ் தீர்ந்தால் மாற்றிவிடுகிற எண்ணையோ கொடுத்துவிட்டு, பட்டியல் பூட்டப்படுகிற நாளில் பிள்ளை ஊரில் தவித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பது வேதனையானது. பிரவுசிங் சென்டர் உரிமையாளரின் எண்ணைக் கொடுப்பது இதைவிட ஆபத்து.

இவ்வளவையும் கடந்து வந்த பிறகு, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிற விருப்பப் பட்டியல் என்கிற ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் மிகப் பெரிய தவறான நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடக்கிறது. ஒரு சுற்றில் உள்ள மாணவர்களைக் கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, அவருக்கு உரிய இடம் எந்த வரியில் முதலில் காலியாக இருக்கிறதோ அதைத் தந்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. அவ்வளவுதான். ஒரு கல்லூரியை நீங்கள் முதல் வரியில் எழுதினீர்களா, நாற்பதாவது வரியில் எழுதினீர்களா என்பதை இன்னொரு மாணவரோடு ஒப்பிட்டு அது பார்ப்பதே இல்லை. உங்களுக்கு முந்தைய தரவரிசைக்காரர் அதை ஐம்பதாவதாக எழுதியிருந்தாலும் அவருக்குத்தான் முதலில் வாய்ப்பு. ஆகவே ‘கிடைக்காததை மேலே எழுதினால் வாய்ப்பு வீணாகும்’ என்கிற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் பிள்ளைகள், தங்களுக்கு நிச்சயம் கிடைக்கும் என்று யாரோ சொன்ன கல்லூரியை முதல் வரியில் எழுதுகிறார்கள். கணினி அதை உடனே கொடுத்துவிடுகிறது. அதற்குக் கீழே எழுதியிருந்த நல்ல கல்லூரி காலியாக இருந்தும் அந்த வரிக்கு அது வருவதே இல்லை. கிடைக்குமா என்ற கேள்வி பட்டியலின் நீளத்தை முடிவு செய்ய உதவலாம், வரிசையை முடிவு செய்யக் கூடாது. மேலே ஆசைப்பட்டவை, நடுவில் சென்ற ஆண்டின் கட்ஆஃபுக்கு ஒத்துவருபவை, கீழே எப்படியும் கிடைப்பவை என்று எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பத்து வரி மட்டும் எழுதிவிட்டு இடமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்களைப் பார்க்கும்போது, இன்னும் முப்பது வரி எழுத ஒரு மாலைப் பொழுது போதுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்ய இரண்டு நாட்களே இருக்கும். ‘ஏற்றுச் சேர்கிறேன்’; ‘ஏற்கிறேன், ஆனால் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைத் தாருங்கள்’; ‘இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் வருகிறேன்’ என்று தெரிவுகள் வரிசையாக நிற்கும். இரண்டாவதைத் தெரிவு செய்தவருக்கு மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பப் பெற முடியாது. ஆகவே பட்டியலில் ஒரு வரிக்கு மேலே இன்னொரு வரியை எழுதுவது என்பது, ‘இதைவிட அதுதான் எனக்கு வேண்டும்’ என்று உண்மையாகவே சொல்வதாக இருக்க வேண்டும். மூன்றாவது தெரிவில், மேலே எதுவும் காலியாகாவிட்டால் கையில் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை உறுதி செய்கிற நாளில் விளக்கிப் பயனில்லை. அன்று வீட்டில் எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள்.

கல்லூரி எண்களும் கவனத்துக்கு உரியவை. கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2005, அதே ஊரின் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. ஏறக்குறைய ஒரே பெயரில், ஒரே அறக்கட்டளையின் கீழ், இரண்டு மூன்று கல்லூரிகள் வெவ்வேறு எண்களோடு இருப்பதும் உண்டு; அவற்றில் ஒன்றின் பெயர் ஊரெல்லாம் தெரிந்திருக்கும், மற்றொன்று அந்தப் பெயரில் வாழும். ஆகவே முதலில் நீளமான கோடு போடாத நோட்டில் எண், ஊர், பாடப்பிரிவு, தன் பிரிவுக்குச் சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த கட்ஆஃப், வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம் என்று கட்டம் போட்டு எழுதிவிட்டு, அதன் பிறகே கணினியில் ஏற்ற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்படி ஒரு நோட்டை எழுதிய மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கணிதத்தில் 86, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 82, கட்ஆஃப் 168. அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வேலை செய்கிறார். அம்மாவும் அவருமாகப் பள்ளிக்கு வந்து, “எங்களுக்கு இன்னா தெரியும் டீச்சர், நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றார்கள். மாமா ஒருவர், கிராமத்துக்கே பேருந்து அனுப்புகிற ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்தால்தான் வேலை என்று முடிவாகச் சொல்லியிருந்தார். அவள் எதுவும் பேசவில்லை. நோட்டைக் கொடுத்து, எனக்குத் தெரிந்த தகவல்களை மட்டும் சொன்னேன். ஆரணியிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கின்றன. பொதுத் தரவரிசையோடு 7.5 ஒதுக்கீட்டிலும் உனக்குத் தனித் தரவரிசை இருக்கிறது. விடுதிக் கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கொண்டுவந்த நோட்டில் முதல் பதினைந்து வரிகளில் மின்னியல் பொறியியல் பலமுறை வந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். எரிந்துபோன மோட்டாரை அப்பா பிரிக்கும்போது எந்தச் சுற்று எரிந்திருக்கிறது என்று தானே சொல்லிவிடுவதாகவும், ஏன் எரிந்தது என்று மட்டும் தனக்கோ அப்பாவுக்கோ தெரியாது என்றும் சொன்னாள். ஒரு பிள்ளை தன் படிப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை. அந்த வரியை அவள் மாமாவின் முன்னும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள், அப்பாதான் முதலில் தலையாட்டினார். பட்டியலின் நான்காவது வரி அவளுக்குக் கிடைத்தது, அரசுக் கல்லூரியில் மின்னியல்.

“நீங்களே போட்டுக் குடுங்க” என்கிற சொல்லில் ஆசிரியர் மேல் அந்தப் பெற்றோர் வைத்திருக்கிற நம்பிக்கை முழுவதும் இருக்கிறது. அதனாலேயே அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நான் கருதுகிறேன். நாம் எழுதிக் கொடுத்த பட்டியலோடு கல்லூரிக்குப் போகிற பிள்ளை, முதல் பருவத்தில் அரியர் விழுந்ததும் இது நான் கேட்டது இல்லையே என்று சோர்ந்துவிடுகிறது. தானே எழுதிய பிள்ளைக்கு அந்த அரியரை எழுதித் தீர்க்க ஒரு காரணம் இருக்கிறது. தகவலைத் தருவதும், தவறான எண்ணைத் திருத்துவதும், வீட்டில் பேச முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதும் நம் வேலை. வரிசை அவர்களுடையது.

நம்பிக்கையோடு நிற்கிற இந்தப் பெற்றோரைத் தேடி வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளைகளின் எண்களை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு தரகர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கலந்தாய்வுக்குப் போனால் தூரத்தில் போட்டுவிடுவார்கள், இப்போதே அசல் சான்றிதழைக் கொடுத்து முன்பணம் கட்டினால் இடம் உறுதி, மடிக்கணினி இலவசம் என்பது அவர்கள் பேச்சு. தன் பட்டியலில் எழுதாத கல்லூரியில் கலந்தாய்வு யாரையும் போடாது. கல்லூரியே நேரடியாகத் தருகிற நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 ஒதுக்கீட்டின் பயனும் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் போய்விடும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். எங்கள் மாணவன் ஒருவன் இப்படி ஒரு கல்லூரியில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்த பிறகு அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகே அவனுடைய சான்றிதழ் வெளியே வந்தது.

பொறியியலைப் பற்றியே பேசிவிட்டேன், நான் கணித ஆசிரியை என்பதால். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்துக்கு மிகச் சிறிய தொகைதான் ஆகிறது. மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்து அங்கே தரவரிசை போடுகிறார்கள். பொறியியலுக்குப் போகிற பிள்ளையும் இதற்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுத வேண்டும், அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுக்கு வெகு முன்னரே முடிந்துவிடுகிறது. நீட் தேர்வுக்காக ஓர் ஆண்டு வீட்டில் இருந்து படிக்கிறேன் என்கிற பிள்ளையிடம் நான் தடை சொல்வதில்லை; இரண்டாவது முறையும் கிடைக்காவிட்டால் எதில் சேர்வாய் என்பதை இப்போதே எழுதி வை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, இரண்டிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காததால் பல மாதங்கள் அது வராமல் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கடைசியாக, ஒரு பாடத்திலோ இரண்டிலோ தேர்ச்சி பெறாத பிள்ளைகள். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு கணக்கிடப்பட்ட அன்றே அவர்களுடைய பெயர் எங்கள் பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. ஜூன், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது, கலைக் கல்லூரிகளில் காலி இடங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஆனால் துணைத் தேர்வுக்குப் பதிவு செய்கிற நாட்கள் முடிவு வந்த சில நாட்களிலேயே தொடங்கி முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் பிள்ளை அவமானத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும், அல்லது திருப்பூருக்கு வேலைக்குப் போக ஏற்பாடாகியிருக்கும். அதனால் முடிவு வந்த அன்று மாலை நான் முதலில் அழைப்பது இவர்களைத்தான். பிள்ளை எடுக்காவிட்டால் அம்மாவின் எண்ணுக்கு அழைக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள், பதிவுக்கு வேண்டிய பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன்.